கலியமூர்த்தியின் கைப்பிடி

என் பதவியின் பெயர் உடலியக்கப் பரிசோதனை உதவியாளர். அதை ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் நாலு படி ஏறி இறங்கிவிடலாம். அதனால் வேலையில் இருந்த வருஷமெல்லாம் எல்லோருக்கும் நான் "சிஸ்டர்"தான். நான் நர்ஸ் இல்லை, எனக்கு ஊசி போடத் தெரியாது என்று ஆரம்பத்தில் சண்டை பிடித்துப் பார்த்தேன். "சரிங்க சிஸ்டர்" என்றார்கள். அத்தோடு விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் நிவேதா வீட்டுக்கு வந்தாள். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண். மணிக்கட்டில் கறுப்பாக ஒரு வாட்ச். நடை, நாடித்துடிப்பு, தூக்கம் எல்லாம் அதுவே சொல்லிவிடுமாம். இனிமேல் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் கையில் எல்லாம் இதைக் கட்டி அனுப்பப் போகிறார்களாம்.

"நீங்கள்லாம் எப்படிக்கா வாயால கேட்டுக் கேட்டு எழுதினீங்க? ஜனங்க பொய் சொல்ல மாட்டாங்களா?" என்றாள்.

சொல்லாமல் இருப்பார்களா? தாராளமாகச் சொல்வார்கள். வாயால் மட்டுமா, கையால் காலால் எல்லாம் சொல்வார்கள் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகு எனக்குக் கலியமூர்த்தியின் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அடுப்பில் வைத்த பாலைப் பொங்க விட்டேன்.

என் கதை பெரிசாக ஒன்றுமில்லை. பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். சென்னையில் பிசியோதெரபி டிப்ளமா. சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டு நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். சில வருஷம் ஊராருடைய முழங்காலையும் முதுகையும் பிடித்துக்கொண்டு காலம் போனது. அப்புறம்தான் இந்த ஆராய்ச்சி வந்தது. வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்று நடத்தியது. பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் வரைக்கும், உடம்பின் வலு எந்த வயதில் ஏறுகிறது, எந்த வயதில் இறங்குகிறது, தினசரி உழைப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்க வேண்டும். எல்லா மாவட்டத்துக்காரர்களும் எல்லா விதமான வேலைக்காரர்களும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று எங்கள் டவுன்ஷிப்பைப் பிடித்தார்கள். கிளப்பில் ஷட்டில் ஆடுகிற இடத்துக்குப் பக்கத்து அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பந்து அடிபடுகிற சத்தத்துக்கு நடுவில்தான் நாங்கள் நாடி பிடித்தோம்.

ஆராய்ச்சியின் தலைமை டாக்டர் சுகந்தி. என்னைவிடச் சின்னவர், என்னைவிடக் குள்ளம். காட்டன் புடவை, குதிகால் இல்லாத செருப்பு. ஒரு சோதனைக்கு ஆள் வந்து உட்கார்ந்தால், முதலில் தானே அதைச் செய்து காட்டுவார். படியில் ஏறி இறங்கும் சோதனை என்றால் புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தானே ஏறி இறங்குவார். "மூச்சு வாங்குது பாத்தீங்களா? எனக்கே வாங்குது. உங்களுக்கு வாங்கினா வெக்கப்படாதீங்க" என்பார். வந்தவர்களுக்குப் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. சோதனை எல்லாம் முடிந்து ஆள் செருப்பு மாட்டும்போது சாதாரணமாகக் கேட்பார்: "இப்ப வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?" அச்சடித்து வைத்திருந்த கேள்விகளில் அது கிடையாது. ஆனால் விஷயம் அதில்தான் வெளியே வரும். உடற்பயிற்சி உண்டா என்று கேட்டால் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். "நான் என்ன மேடம், சும்மாதான் இருக்கேன்." சரி, வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், இரண்டாவது ஷிப்டுக்குச் சமைத்து அனுப்பி, மாவாட்டி, மாடிக்குத் தண்ணீர் தூக்கி, கொல்லையில் இருக்கிற கீரைக்குப் பாத்தி கட்டி, பலா மரத்தடியில் விழுந்த சருகெல்லாம் கூட்டி என்று போய்க்கொண்டே இருக்கும். சும்மா இருக்கிறார்களாம், சும்மா!

ஒவ்வொரு வயசுக்கும் ஒவ்வொரு வேடிக்கை. பிள்ளைகள் சோதனையைப் பந்தயமாக்கிவிடுவார்கள். பென்ஷன்காரர்கள் தங்கள் பழைய ஷிப்டு ஆள் எவ்வளவு நடந்தார் என்று விசாரித்துவிட்டு, அதைவிடக் கூட நடக்காமல் நிற்க மாட்டார்கள். ஆனால் எங்களைத் தலையில் கை வைக்க வைத்தவர்கள் நடுவயதுக்காரர்கள், அதாவது வேலையில் இருக்கிறவர்கள்தான். இந்தக் காகிதம் கம்பெனிக்குப் போகாது, இது வெறும் ஆராய்ச்சி என்று தலைப்பாடாக அடித்துக்கொள்வோம். ஒருவரும் நம்ப மாட்டார்கள். நெய்வேலியில் மெடிக்கல் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அது வேலையோடு சம்பந்தப்பட்டது என்றுதான் அர்த்தம்.

கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தால் உயிரைக் கொடுத்துச் செய்வார்கள். வலு இல்லை என்று எழுதிவிட்டால் நாளைக்குக் கேட்டில் நிறுத்திவிடுவார்கள் என்று பயம். ஒருவர் படி ஏறி ஏறி வாந்தியே எடுத்துவிட்டார். அப்புறமும் "இன்னும் ஏறவாங்க?" என்று கேட்டார். பர்மனென்ட் ஆட்களில் சிலர் நேர் எதிர். ரிட்டையர் ஆகச் சில வருஷம் இருக்கும். வீட்டில் படித்துவிட்டு வேலையில்லாமல் பிள்ளை இருக்கும். அப்பா மெடிக்கல் அன்ஃபிட், அதாவது உடம்பு வேலைக்கு லாயக்கில்லை என்று ஆனால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. அதில் எவ்வளவு நிஜம், எத்தனை நிபந்தனை என்பதெல்லாம் ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. இருந்தாலும் அவர்கள் எங்கள் அறை வாசலிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

கலியமூர்த்தி அப்படித்தான் வந்தார்.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவு. ஐம்பது தாண்டிய வயது, நல்ல உயரம். மனைவி தவறி நாளாகிறது. ஒரே பெண், சத்யா. டிப்ளமா முடித்துவிட்டு வடலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். இதையெல்லாம் நாங்கள் கேட்காமலே, உள்ளே வந்து உட்கார்வதற்குள் சொல்லிவிட்டார். "ஒடம்பு ஒண்ணும் செரியில்லீங்க சிஸ்டர். கையி புடிமானம் இல்ல. காலு வேற இழுத்துகினு போவுது" என்று நொண்டிக்கொண்டு நடந்து காட்டினார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நொண்டுகிற காலை நடுவில் மாற்றிக்கொண்டார் மனிதர்!

கைவலுவைப் பார்க்க ஒரு கருவி உண்டு. கிரிப் மீட்டர். கைப்பிடியை இறுக்கினால் முள் ஏறும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே இறுக்க வேண்டும். நடுவில் ஓய்வு கொடுத்து, ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை. நடிக்கிறவர்களை இதில் சுலபமாகப் பிடித்துவிடலாம். முழு பலத்தோடு இறுக்குகிறவருக்கு மூன்று முறையும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். நடிக்கிறவருக்குப் போன தடவை எவ்வளவு குறைத்துப் பிடித்தோம் என்பது நினைவில் நிற்காது. ஒரு முறை அங்கே, ஒரு முறை இங்கே என்று தாண்டும்.

கலியமூர்த்தி முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, "அம்மாடி" என்று முனகிக்கொண்டு பிடித்தார். முள் மிகக் கீழே நின்றது. எழுபது வயதுப் பெரியவர்கள்கூட அதைவிடக் கூடப் பிடித்திருக்கிறார்கள். இரண்டாம் முறையும் அங்கேயே. மூன்றாம் முறையும் அங்கேயே. நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் கருவியைத் தன் கையில் வாங்கி, வலது, இடது, வலது என்று ஓய்வு கொடுக்காமல் வேகமாக மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொன்னார். அந்த அவசரத்தில் நடிக்கிறவர்கள் நடிப்பை மறந்துவிடுவார்கள். கலியமூர்த்திக்கு அப்போதும் முள் ஏறவில்லை.

நடை சோதனைக்கு வராந்தாவில் விட்டோம். போகும்போது நன்றாக நொண்டினார். திரும்பி வரும்போது ஒரு கால் செருப்பு பின்னால் கழன்று கிடந்தது. அவர் பாட்டுக்கு வெறுங்காலோடு நடந்து வந்தார். நான் "செருப்பு" என்றதும் குனிந்து காலைப் பார்த்தார். "அட, எப்பக் கயண்டுது?" என்று போய் எடுத்து வந்தார்.

டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நடிக்கிறார்தான். ஆனா நடிப்புக்கு அடியில நிஜமாவே ஏதோ இருக்கு. செருப்பு கழண்டது தெரியாத மாதிரி யாரும் நடிக்க மாட்டாங்க" என்றார்.

அறையில் இருந்த மற்றவர்களை வெளியே அனுப்பினார். கலியமூர்த்திக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கலியமூர்த்தி, இந்தக் காகிதம் கம்பெனிக்குப் போகாது. என் மேல சத்தியம். ஒரே ஒரு வாட்டி, நிஜமா பிடிங்க."

கலியமூர்த்தி என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு வெட்கத்தோடு சிரித்துவிட்டார். "மாட்டிக்கினேனா? செரிங்க மேடம், நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க. பொண்ணுக்காவத்தான். கோவிச்சிக்காதீங்க" என்றார். அந்தச் சிரிப்பில் முகமே வேறாகிவிட்டது. கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். "ஒங்க மெஷினு ஒடைஞ்சா என்ன கேக்கக் கூடாது. பெல்ட்டு ரோலர ஒத்த ஆளா பொரட்டன கையி இது. இப்பப் பாருங்க."

இறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. முள் அதே இடத்தில் நின்றது.

கருவியை உதறினார். மறுபடியும் பிடித்தார். அதே இடம். "ரிப்பேருங்களா?" என்று என்னிடம் நீட்டினார். "நீங்க புடிங்க சிஸ்டர்." வாங்கிப் பிடித்தேன். வேண்டுமென்றே மெதுவாகத்தான் பிடித்தேன். அப்படியும் முள் அவர் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே ஷட்டில் ஆடுகிறவர்கள் என்னவோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நாலு பேரு பாக்கட்டும்னு தீவாளியிலேருந்து நொண்டிகினு இருக்கேன்" என்றார் மெதுவாக. "அதான் காலு இப்பிடி பழகிப் போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அப்புறம் நிமிர்ந்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அப்ப நெசமாவே அன்ஃபிட்டுங்களா மேடம்? நல்லதாப் போச்சு! நான் பொய்யி சொல்லணுமேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம கெடந்தேன்."

எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட சேதி சொல்லியிருக்கிறோம். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட மனிதர் இவர் ஒருவர்தான். டாக்டர் சுகந்தி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பாண்டிச்சேரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்க வைத்தோம். கழுத்தெலும்பு தேய்ந்து, உள்ளே ஓடுகிற நரம்புத் தண்டை அழுத்திக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்து அழுத்தத்தை எடுத்தால் மேற்கொண்டு கெடாது, போன வலுவில் ஒரு பகுதி திரும்பலாம். விட்டுவிட்டால் கை போகும், பிறகு கால் போகும். போனது திரும்பாது. டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். கலியமூர்த்தி பொறுமையாகக் கேட்டார்.

"ஆப்ரேசன் பண்ணா ஃபிட்டு ஆயிடுவேனுங்களா?"

"ஆகலாம். உறுதி சொல்ல முடியாது."

"அப்ப வேணாம்ங்க. மொதல்ல கம்பெனி மெடிக்கல் போர்டுக்குப் போயி அன்ஃபிட் வாங்கிகினு, பொண்ணுக்கு ஆர்டர் வரட்டும். அப்பறமா பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள கால் போயிடும் கலியமூர்த்தி."

"போவட்டும்ங்க. எனக்கெதுக்குக் காலு? அம்மா இல்லாத பொண்ணு. அதுக்கு ஒரு வழி பொறந்தா போதும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏங்க, உங்களுக்கு மூளை கீளை இருக்கா?" என்று கேட்டே விட்டேன். டாக்டர் என்னை அடக்கினார். கலியமூர்த்தி போன பிறகு, நேரே வடலூருக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று குதித்தேன். "கூடாது. இந்த ரூம்ல தெரிஞ்சது அவர் சொத்து. அவர்தான் சொல்லணும்" என்றார் டாக்டர். அப்படிச் சொல்லிவிட்டு மத்தியானம் சாப்பிடாமலே இருந்தார். டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்தது எனக்குத் தெரியும்.

மறுநாள் கலியமூர்த்திக்கு டாக்டரே போன் செய்தார். எங்களுக்கு இருபது வயதுக்காரர்களும் வேண்டும், உங்கள் பெண்ணை அழைத்து வர முடியுமா, நீங்களும் கூட இருங்கள் என்று கேட்டார். மனிதருக்கு ஒரே பெருமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அழைத்து வந்தார். ஓட்டியது அவள்தான்.

சத்யா ஒல்லி. கண்ணாடி போட்டிருந்தாள். அதிகம் பேசவில்லை. படி ஏறினாள், உட்கார்ந்து எழுந்தாள், முள்ளை நன்றாக ஏற்றினாள். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "பாருங்க, பாருங்க" என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து அவள் செருப்பு மாட்டும்போது டாக்டர் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இப்ப வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?"

"சமைக்கணும் மேடம். அப்பாக்கு இன்னிக்கி ரெண்டாவது ஷிப்டு. சோறு பெசைஞ்சி உருட்டிக் குடுக்கணும், செதறிடும். சட்டை பட்டன் போட்டு வுடணும். ஷூ லேஸ் கட்டணும். அப்பறம் கடைக்குப் போவணும்."

"இது எவ்வளவு நாளா?"

சத்யா யோசித்தாள். "போன பொங்கலுக்கு முன்னாடியே ஆரமிச்சது. அப்பாக்கு செல்லம் ஜாஸ்தி, அதான்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே எங்கள் முகங்களைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "ஏன் மேடம் கேக்கறீங்க?"

"நான் சொல்ல முடியாதும்மா. அப்பா சொல்வார்."

கலியமூர்த்தி சொன்னார். நல்ல சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னார். கழுத்தில் நரம்பு, ஸ்கேன், போர்டு, அன்ஃபிட், பர்மனென்ட் என்று வரிசையாக அடுக்கினார். ஆபரேஷனைக் கடைசியில், போகிற போக்கில் சொன்னார். "அது கெடக்கு, பொறவு பாத்துக்கலாம்" என்று முடித்தார்.

சத்யா நின்றபடியே கேட்டாள். அவளுடைய குரல் ஏறவே இல்லை.

"நான் ஷிப்டுக்குப் போயிட்டா ஒன்னைய யாருப்பா தூக்கி ஒக்கார வெப்பாங்க?"

"அதுக்கு ஒரு ஆளு போட்டுக்கலாம்மா."

"நான் பட்டன் போடுவேன். சோறு உருட்டுவேன். ஒனக்குப் பதிலா நடக்க என்னால முடியுமா? சொல்லுப்பா."

"நீ சின்னப் பொண்ணு. ஒனக்குத் தெரியாது."

"எனக்கு ஒண்ணு தெரியும்" என்றாள். "அந்த வேலைக்கு நான்தான கையெழுத்துப் போடணும்? நீ ஆப்ரேசன் பண்ணிக்கலன்னா நான் போட மாட்டேன். ஒன் காலும் போவும், என் வேலையும் போவும். ரெண்டும் போயி, ரெண்டு பேரும் வூட்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு ஒக்காந்திருக்கலாம். அது ஒனக்கு செரியா?"

கலியமூர்த்தி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார். செத்துப்போன மனைவியைப் பேச்சில் இழுத்துப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் எங்களிடம் திரும்பி, "இது அவங்கம்மா மாதிரியேங்க. ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. சத்யா அப்பாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். டாக்டரும் ஒன்றும் கல் இல்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது.

ஆபரேஷன் பாண்டிச்சேரியில் நடந்தது. பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. கழுத்துப் பட்டையோடு வாரத்துக்கு இரண்டு நாள் என்னிடம் வருவார். மாவுருண்டை பிசையச் சொல்வேன், துணி பிழியச் சொல்வேன், ஒரு கிண்ணத்துப் பயறை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றச் சொல்வேன். "கம்பெனி வேலையே தேவலாம் சிஸ்டர்" என்பார். நான் திட்டுவேன். திட்டினால்தான் அவருக்குக் கை ஓடும். கூட சத்யா வருவாள். கடையில் பாதி நாள் லீவு போட்டு வருவாள். அவருக்குக் கை தேறத் தேறத் தனக்கு வர இருந்த வேலை தூரப் போகிறது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா? எங்களைவிட நன்றாகவே தெரியும். ஒரு நாள்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

கடைசிப் பரிசோதனை அன்றைக்குக் கழுத்துப் பட்டை இல்லாமல் வந்தார். சட்டை பட்டனை அவரே போட்டிருந்தார். ஒன்றை மாற்றிப் போட்டிருந்தார், அது வேறு விஷயம். மறு வாரம் டூட்டிக்குத் திரும்ப வேண்டும். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருந்தார்கள். அன்ஃபிட் என்கிற பேச்சு அத்தோடு முடிந்தது. சத்யாவுக்கு அந்த வேலை இல்லை.

கிரிப் மீட்டரைக் கையில் கொடுத்தேன். மூன்று முறை பிடித்தார். பழைய வலு வரவில்லை, இனி முழுசாக வரவும் வராது. ஆனால் முள் முன்பு நின்ற இடத்தைத் தாண்டி நன்றாகவே மேலே போனது. கலியமூர்த்தி அதைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டுமா கூடாதா என்று தெரியாத முகம். மகளை நிமிர்ந்து பார்க்காமலே, "ஏறிடுச்சும்மா" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல் அது.

சத்யா கருவியை அவர் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தாள். தன் கையை நீட்டினாள்.

"மெஷினு என்னா சொல்றது? என் கைய புடிப்பா."

அவர் தயங்கிப் பிடித்தார்.

"இன்னும்."

பிடித்தார்.

"ஐயோ, அப்பா, வலிக்குது! வுடு, வுடு!"

கலியமூர்த்தி பதறிப்போய்க் கையை விட்டுவிட்டார். சத்யா சிவந்துபோன விரல்களை உதறினாள். கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை. அதே கையை மறுபடியும் அவர் முன்னால் நீட்டினாள்.

"இன்னொரு வாட்டி புடிப்பா."